வாரிசை யாரிடம் வளர்க்கக் கொடுப்பது? ஒரு கணினி விளையாட்டும் நம் அரச குடும்பங்களும்

‘குருசேடர் கிங்ஸ் 3’ சுவீடனின் பரடொக்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணினி விளையாட்டு. மத்திய காலத்து அரச குடும்பமொன்றை நாம் நடத்த வேண்டும். சோழர்களாக ஆடலாம், வரைபடத்தில் இலங்கையும் இருக்கிறது. அரசன் இறந்தால் ஆட்டம் முடிவதில்லை, அவனுடைய வாரிசாக மாறித் தொடர்கிறோம். அதனால் பிள்ளை வளர்ப்புத்தான் இதில் பாதி வேலை.

பிள்ளைக்கு 6 வயதில் கல்வி ஆரம்பமாகி 16இல் முடிகிறது. இராஜதந்திரம், போர், நிர்வாகம், சூழ்ச்சி, புலமை ஆகிய ஐந்தில் ஒன்றைத் தெரிவுசெய்து, அதைக் கற்பிக்க ஒரு பாதுகாவலரையும் நியமிக்க வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் அந்தத் துறையில் அதிக புள்ளி உள்ளவரிடம் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்துவிடுவார்கள். சிக்கல் அங்கேதான். பாதுகாவலர் வேற்று மதத்தவராகவோ வேற்றுப் பண்பாட்டினராகவோ இருந்தால், பிள்ளையைத் தன் பக்கம் மாற்றிவிட அவரால் முடியும். வாரிசு கெட்டிக்காரனாகவே வருவான், ஆனால் யாருடைய வாரிசாக?

வடக்கில் போரில் தாய் தகப்பனை இழந்து உறவினர் வீடுகளிலும் சிறுவர் இல்லங்களிலும் வளர்ந்தவர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வியல்ல. தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போக, லயத்தில் அம்மாயியிடம் வளரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

இன்று வட்டவளையில் ரயில் ஏறிச் செல்லும் மலைகள், தேயிலை வருவதற்கு முன் கண்டி அரசின் கீழ் இருந்தவை. அந்த அரசின் சிம்மாசனமே ஒருமுறை இந்தக் கேள்வியில் தொங்கியது. 1582இல் சீதாவாக்கை இராஜசிங்கன் கண்டியைப் பிடித்தபோது, தப்பியோடிய அரசன் கரலியத்தே பண்டார அம்மை நோயில் இறந்தான். அவனுடைய சிறு மகள் குசுமாசன தேவி போர்த்துக்கேயரின் கைக்குப் போய் மன்னாரில் வளர்ந்தாள். பெயர் தோனா கத்தரீனா ஆனது. 1594இல் அவளை அரசியாக்கவென்று ஒரு படை கண்டிக்கு ஏறியது. அந்தப் படை தந்துறையில் அழிந்தது. வென்ற கோனப்பு பண்டார அவளை மணந்து, முதலாம் விமலதர்மசூரியனாக ஆண்டான். வேடிக்கை என்னவென்றால், அவனும் போர்த்துக்கேயரிடம் ஞானஸ்நானம் பெற்று வந்தவன்தான். அவர்களுடைய போர்முறையைத் தெரிந்துகொண்டு அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தான். வளர்ப்பு எப்போதும் வளர்த்தவரின் கணக்குப்படி முடிவதில்லை.

கோட்டேயில் அந்தக் கணக்கு சரியாகவே முடிந்தது. பிரான்சிஸ்கன் துறவிகளிடம் கற்ற தர்மபால 1557இல் தொன் ஜுவான் ஆனான். 1580இல் தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக் கொடுத்தான்.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. 1591இல் போர்த்துக்கேயர் அரியணையில் அமர்த்திய எதிர்மன்னசிங்கன் இறந்தபோது, மகன் சிறு குழந்தை. அரச குடும்பத்தைச் சேர்ந்த அரசகேசரி பாதுகாவலரானார். ஆளைத் தெரிவுசெய்ததில் பிழையில்லை. அவரைக் காக்கத்தான் ஒருவரும் இருக்கவில்லை. சங்கிலி குமாரன் அவரைக் கொன்று அதிகாரத்தைப் பிடித்தான். அரசனாகப் போர்த்துக்கேயரின் அங்கீகாரம் கிடைக்காமல், தஞ்சை நாயக்கரிடம் படை உதவி தேடினான். 1619இல் பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு மரண தண்டனை பெற்றான். விளையாட்டிலும் இந்த ஆபத்து உண்டு: பாதுகாவலர் கொல்லப்படலாம். திறமைப் புள்ளியைப் பார்ப்பவர்கள், அவருக்கு எதிரி யார் என்பதையும் பார்த்துவைப்பது நல்லது.

எஞ்சிய அரச குடும்பத்தவர்களில் பலர் கிறிஸ்தவர்களாக்கப்பட்டு, துறவற சபைகளில் சேரத் தூண்டப்பட்டார்கள். துறவிக்குப் பிள்ளையில்லை; அரியணை கேட்டு வர இனி ஆளில்லை. ‘குருசேடர் கிங்ஸ்’ ஆடுபவர்களுக்கு இந்த உத்தி புதிதாக இருக்காது. வேண்டாத வாரிசைத் துறவறம் பூணச் சொல்லி உரிமைப் பட்டியலிலிருந்து நீக்க, அதில் ஒரு பொத்தானே இருக்கிறது.