கட்சிக்கு என்ன லக்னம் பாஸ்?

எங்க மாமா வீட்டுப் பரணில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கு. உள்ளே நிலப் பத்திரம், அத்தையின் கல்யாணப் புடவை, அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. நோட்டோட கடைசிப் பக்கத்தில் மஞ்சள் தடவிய பன்னிரண்டு கட்டம். அதுக்குக் கீழே ஒரே வரி... 'வேட்பு மனு - திங்கள், பகல் 12.10'.

2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தல்ல வேப்பந்தட்டை பக்கம் ஒரு பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு மாமா நின்னார். பூட்டு சாவி சின்னம். ஜோதிடர் குறிச்சுக் கொடுத்த நேரத்துல மனு, அவர் சொன்ன திசையில முதல் பிரசாரம், அவர் சொன்ன கலர்ல சட்டை. 'ஜெயம் நிச்சயம்'னு அவர் சொன்ன தைரியத்துல அத்தையோட ஏழு பவுன் அடகுக் கடைக்குப் போச்சு. 2020 ஜனவரி 2-ம் தேதி ஓட்டு எண்ணினாங்க. 41 ஓட்டுல தோல்வி. நான் அப்ப ஒன்பதாவது. அன்னிக்கு ராத்திரி திண்ணையில உட்கார்ந்து மாமா சொன்னது இன்னும் காதுல கேட்குது... "ஜோசியம் பொய்யில்ல மாப்ளே. நான் பொறந்த நேரத்தைத்தான் ஆஸ்பத்திரியில தப்பா எழுதிட்டாங்கபோல!"

பல வருஷம் கழிச்சு, "ஜாதகம் பார்த்து அரசியல் சொல்றவங்களைப் பத்தி எழுதிட்டு வா"ன்னு ஆசிரியர் அனுப்பினப்போ, எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த நோட்டுதான். கிளம்பிட்டேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறை. சுவரில் முருகன் காலண்டர், மேஜையில் வாக்கியப் பஞ்சாங்கம், பக்கத்திலேயே கம்ப்யூட்டர். பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு பேச ஆரம்பித்தார் அந்த ஜோதிடர். "மனுஷனுக்கு மட்டுமா ஜாதகம் தம்பி? நாட்டுக்கு உண்டு, ஊருக்கு உண்டு, கட்சிக்கும் உண்டு. மனுஷனுக்குப் பிறந்த நேரம், கட்சிக்கு ஆரம்பிச்ச நேரம். பத்தாம் இடம் ஆட்சி, சூரியன் அரசன், சனி உழைக்கிற ஜனம். அவ்வளவுதான்!"

அவர் முதலில் காட்டினது இந்தியாவின் ஜாதகம். 1947 ஆகஸ்ட் 15, நள்ளிரவு, டெல்லி. ரிஷப லக்னம், பூச நட்சத்திரம். பெங்களூரின் பி.வி.ராமன் 1936-லிருந்து நடத்திய 'அஸ்ட்ரலாஜிக்கல் மேகஸின்' மாதிரியான பத்திரிகைகள் நாடுகளின் ஜாதகத்தை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. ஆகஸ்ட் 15 நல்ல நாள் இல்லை என்று ஜோதிடர்கள் சொன்னதால்தான் நள்ளிரவு தேர்ந்தெடுக்கப்பட்டது என்று ஒரு கதையும் ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. இந்தியாவுக்குப் பிறந்த நேரம் நிமிஷ சுத்தமாக இருக்கிறது. கட்சிகளுக்கு?

அங்கேதான் பாஸ் சிக்கலே!

தி.மு.க. பிறந்தது 1949 செப்டம்பர் 17. அ.தி.மு.க. 1972 அக்டோபர் 17. தேதி எல்லாருக்கும் தெரியும். மணி? தலைவர்கள் கூடி முடிவெடுத்த நேரமா, பெயரை அறிவித்த நேரமா, கொடி ஏற்றின நேரமா, தேர்தல் கமிஷன் அங்கீகரித்த நேரமா? லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஆக, தேதி மட்டும் தெரிந்தால் ஒரே கட்சிக்குப் பன்னிரண்டு ஜாதகம் ரெடி.

"அப்ப எப்படி சார் லக்னம் முடிவு பண்றீங்க?" என்றேன்.

"கட்சி எப்ப ஜெயிச்சது, எப்ப உடைஞ்சது, தலைவர் எப்ப இறந்தார்... எல்லாத்தையும் பார்த்து, எந்த லக்னம் பொருந்துதோ அதை எடுத்துக்குவோம்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப்ல நாம எல்லாரும் செஞ்ச வேலைதானே இது? ஆன்ஸரை முதல்ல எழுதிட்டு, ரீடிங்கை அப்புறம் நிரப்புறது! அதுல கிராஃப் எப்பவும் நேர்கோடாத்தான் வரும். அவர்கிட்ட இதைச் சொன்னேன். கோபப்படலை. "உங்க படிப்பு உங்களுக்கு, எங்க படிப்பு எங்களுக்கு"ன்னு டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

ஹாஸ்டலுக்கு வந்ததும் நானும் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். 1949 செப்டம்பர் 17 சனிக்கிழமை. 1972 அக்டோபர் 17 செவ்வாய்க்கிழமை. எங்க பாட்டி இந்த இரண்டு கிழமையிலும் புதுச் சட்டைகூடப் போட விடாது! அதுமட்டுமா? அக்டோபர் 17 என்பது சூரியன் துலாமுக்குள் காலடி வைக்கிற நேரம். துலாத்தில் சூரியன் நீசம், அதாவது பலமே இல்லை என்பது ஜோதிடத்தின் அரிச்சுவடி. ஆட்சிக்கு உரிய கிரகமே படுத்துவிட்ட நாளில் பிறந்த அந்தக் கட்சி, 1977-லிருந்து 2016 வரை ஏழு சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்திருக்கிறது. இதை ஜோதிடரிடம் போனில் கேட்டேன். "நீச பங்க ராஜயோகம் தம்பி!" என்றார் ஒரு நொடி தாமதிக்காமல். எந்தக் கேள்விக்கும் பதில் உள்ள ஒரு சப்ஜெக்ட்ல எப்படி பாஸ் அரியர் வைக்கிறது?

அடுத்து அரியலூர். கட்சியை விடுங்க, இந்த மாவட்டத்தோட ஜாதகத்தை எழுத முடியுமான்னு பாருங்க. பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் 1995-ல் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001 ஜனவரி 1-ல் தனி மாவட்டம். 2002 மார்ச் 31-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தாச்சு. 2007 நவம்பர் 23-ல் மறுபடி தனி. இரண்டு முறை பிறந்த மாவட்டம்! எந்தப் பிறப்பை ஜாதகத்தில் போடுவது? இதுல இன்னொரு விஷயம். 1956-ல் அரியலூர் ரயில் விபத்து நடந்ததும் இதே நவம்பர் 23. மருதையாற்றுப் பாலத்தில் நூற்றுக்கும் மேலான உயிர்கள் போன, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்யக் காரணமான அதே தேதி. தேதிக்குள் அர்த்தம் தேடுகிறவர்களுக்கு இதைவிடத் தீனி வேண்டுமா? எனக்கோ, கனமழையில் வெள்ளம் வந்து பாலம் பலவீனமானதும், அதற்கு ஒரு மந்திரி பதவியை விட்டதும்தான் விஷயமாகத் தெரிகிறது. அந்த மந்திரி 1964-ல் பிரதமரானார்.

ஜெயங்கொண்டம் பக்கம் போனால் கங்கைகொண்ட சோழபுரம். அங்கே ஒரே கல்லில் செதுக்கிய நவகிரகம் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் நட்சத்திரம் திருவாதிரை என்பதும் தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜாவுக்கு நட்சத்திரம் கிடைக்கிறது, எழுபது எண்பது வருஷக் கட்சிக்கு மணி கிடைக்க மாட்டேங்குது!

சரி, கட்சியை விட்டுட்டு வேட்பாளருக்கு வருவோம். சட்டமன்றத் தேர்தலில் மனு வாங்குவது காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரைதான். இந்த நாலு மணி நேரத்தில் புதன்கிழமை 12 முதல் 1.30 வரை ராகு காலம், வியாழன் 1.30 முதல் 3 வரை ராகு காலம். திங்கள்கிழமை 12 மணிக்கு எமகண்டம் முடிந்துவிட்டால் அப்புறம் ரூட் கிளியர். (மாமாவோட 12.10 ரகசியம் இப்பத்தான் புரிஞ்சுது!) ராகு காலமும் எமகண்டமும் தொடாத ஒரே நாள் செவ்வாய். ஆனா, செவ்வாய்க்கிழமை மனு கொடுக்க யாருக்கு மனசு வரும்?

2021 மார்ச் 15-ஐ எடுத்துக்கோங்க. அமாவாசை முடிந்த வளர்பிறைத் திங்கள்கிழமை. கொளத்தூரில் மு.க.ஸ்டாலின், எடப்பாடியில் எடப்பாடி பழனிசாமி, கோவை தெற்கில் கமல்ஹாசன்... மூன்று பேரும் மனு தாக்கல் செய்தது அன்றைக்குத்தான். நாள் பார்த்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாள் ஒன்றுதான். மே 2-ம் தேதி ஒருவர் முதல்வராகும் வழியில் இருந்தார், ஒருவர் தொகுதியில் ஜெயித்து ஆட்சியை இழந்தார், ஒருவர் 1,728 ஓட்டில் தோற்றார்.

நம்ம ஊரிலேயே இருக்கு உதாரணம். 2019 மக்களவைத் தேர்தல், ஏப்ரல் 18. அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் மூன்றும் சிதம்பரம் தொகுதிக்குள் வரும். அங்கே தொல்.திருமாவளவன் ஜெயித்தது 3,219 ஓட்டில். பக்கத்துப் பெரம்பலூர் தொகுதியில் பாரிவேந்தர் ஜெயித்தது நாலு லட்சத்துக்கும் மேல். தலைக்கு மேலே அதே சனி, அதே குருதான்!

இதை யாராவது முறையாகச் சோதித்துப் பார்த்தார்களா? பார்த்திருக்கிறார்கள். மறைந்த வானியல் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர் புனேயில் ஒரு சோதனை நடத்தினார். படிப்பில் கெட்டிக்காரக் குழந்தைகள் நூறு பேர், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகள் நூறு பேர். இவர்களின் ஜாதகங்களைக் கலந்து, ஆளுக்கு நாற்பது கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். பதில் அனுப்பிய 27 ஜோதிடர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 46 சதவிகிதம். காசைச் சுண்டினால் 50! 2009 தேர்தலின்போது கர்நாடகப் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக், 25 கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் பத்து லட்சம் என்று அறிவித்தார். சுமார் 450 பேர் எழுதிப் போட்டார்கள். பணம் அவரிடமேதான் இருந்தது.

தேர்தல் கமிஷன் இதை வேறு கோணத்தில் பார்க்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ பிரிவு, ஓட்டுப்பதிவு முடிவதற்குள் எக்ஸிட் போல் வெளியிடத் தடை போடுகிறது. மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே. ஜோதிடர், டாரட் கார்டு பார்ப்பவர் சொல்லும் கணிப்பைத் தடைக்காலத்தில் வெளியிடுவதும் இந்தப் பிரிவின் நோக்கத்துக்கு எதிரானதுதான் என்று 2017 மார்ச்சில் கமிஷன் சொல்லிவிட்டது. பலிக்குதோ இல்லையோ, 'இவர்தான் வரப்போறார்'னு கேட்டதும் ஓட்டைத் திருப்புகிற ஜனம் இருக்கிறதே!

போன வாரம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மக்காச்சோளம் உரிச்சுக்கிட்டிருந்தார். 2019-ல் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக் காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. "இன்னொரு வாட்டி நிப்பீங்களா மாமா?"

பதில் சொல்லாம எழுந்து போய் அந்த நோட்டை எடுத்துட்டு வந்தார். முதல் பக்கத்தில் வார்டு வாரியா 2019-ல் விழுந்த ஓட்டு. அடுத்த மூணு பக்கத்துக்கு வெறும் பெயரும் போன் நம்பரும். "நம்ம ஊரு பசங்க அறுபத்து மூணு பேரு திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கானுங்க மாப்ளே. அந்தத் தடவ ஒருத்தனும் ஓட்டுப்போட வரல. பஸ்ஸுக்குக் காசில்லைன்னு சொன்னவன் எத்தன பேரு தெரியுமா? நானும் ஒருத்தனுக்குக்கூட போன் போட்டுக் கூப்பிடல. நல்ல நேரம் பார்க்கத்தான் நேரம் சரியா இருந்துச்சு."

ஏழு பவுனில் மூணு பவுன் இன்னும் அடகில்தான் இருக்காம். அத்தை உள்ளேயிருந்தே சொன்னாங்க.

நோட்டைத் திருப்பினேன். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் புதுசா பன்னிரண்டு கட்டம். மஞ்சள்கூட இன்னும் காயலை.

"இது என்ன மாமா?"

"அதுவா... அது சும்மா. உங்க அத்தைதான் கேட்டுட்டு வரச் சொன்னா."

"நான் எங்க சொன்னேன்?"னு உள்ளேயிருந்து குரல் வந்துச்சு.