கச்சான் காற்றும் வெப்பவியக்கவியலும்

வெப்பவியக்கவியல் என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே நம் மாணவர் பலர் நீராவி எஞ்சினையும் அதன் உருளையையும் ஆடுதண்டையும் நினைத்துக்கொள்கின்றனர். பாடநூல்கள் அவ்வாறே படம் வரைந்து பழக்கிவிட்டன. கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ வாழும் ஒரு பிள்ளை நீராவி எஞ்சினைக் கண்ணாற் கண்டிருத்தல் அரிது. ஆயினும் அப்பிள்ளை ஆண்டுதோறும் ஆனி ஆடி மாதங்களிலே இவ்வியலின் முதலாம் விதியைத் தன் தோலினாலேயே உணர்ந்து வருகின்றது. மேற்கிலிருந்து வயல்வெளிகளைக் கடந்து வீசும் கச்சான் காற்றையே ஈண்டுக் குறிப்பிடுகின்றேன். (நிலக்கடலைக்கும் நம் நாட்டிலே இப்பெயர் வழங்குதலின் பிறநாட்டுத் தமிழர் தலைப்பைக் கண்டு மயங்குதல் கூடும். இங்கே பேசப்படுவது காற்று.)

மட்டக்களப்புத் தொடங்கித் தெற்கே அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர மக்களுக்குக் கச்சானை அறிமுகஞ் செய்தல் வேண்டியதில்லை. உதடு வெடிக்கும், துவைத்த துணி கொடியில் இட்ட சிறிது நேரத்திற் காயும், நண்பகலிற் குளிர்விக்க வரவேண்டிய கடற்காற்றை அது கரைக்கு வரவிடாது தடுத்து நிற்கும். வெப்பநிலை 38 பாகை செல்சியஸை அண்மித்தலும் உண்டு. வளிமண்டலவியற் சொல்லகராதிகள் இக்காற்றைக் கச்சான் என்னும் பெயராலேயே குறிக்கின்றன.

இனி இதிலுள்ள புதிரை நோக்குவோம். இக்காற்றுத் தென்மேற்குப் பருவக்காற்றின் ஒரு கூறாகும். அது மேற்குக் கரையை அடையும்போது கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு ஏறத்தாழ 28 பாகை வெப்பநிலையில் உள்ளது. பின்னர் மலைநாட்டின் மீது ஏறுகின்றது. அங்கே நுவரெலியாவிலே மக்கள் கம்பளி போர்த்திருக்கின்றனர். குளிர்ந்த மலையைத் தழுவி வரும் காற்றுக் குளிர்ந்தன்றோ வருதல் வேண்டும்? புறப்பட்டபோது இருந்ததினும் சூடாக நம்மிடம் வந்து சேர்வது எங்ஙனம்?

வகுப்பிலே இவ்வினாவை எழுப்பினால் உடனே வரும் விடை, ‘வரண்ட நிலத்தின் சூடு காற்றிலே ஏறுகின்றது’ என்பதாகும். இது முற்றும் பிழையன்று. கச்சான் வீசும் நாளில் வானம் முகிலின்றி இருத்தலால் வெயில் நிலத்தைச் சுடுகின்றது, நிலம் காற்றைச் சுடுகின்றது. ஆனால் இவ்விடை பாதிக் காரியத்தை விட்டுவிடுகின்றது. சூடேற்றுதலால் மட்டும் காற்றிலுள்ள நீராவியின் கிராம் கணக்குக் குறையமாட்டாது. கச்சானோ சூடானது மாத்திரமன்று, நீராவியையும் இழந்து வந்த காற்று. அந்த நீராவி எங்கே போயிற்று என்று கேட்டால்தான் சூடு எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கும்.

முதலாம் விதி கூறுவது யாது? ஒரு தொகுதிக்குக் கொடுக்கப்பட்ட வெப்பம், அதன் அகச்சக்தியின் அதிகரிப்புக்கும், அத்தொகுதி புறத்தே செய்த வேலைக்கும் ஒருங்கே சமமாகும். வரவும் செலவும் எழுதும் கடைக் கணக்கினும் இது கடினமானதன்று. எனினும் இக்கணக்கை மனிதர் கண்டுகொள்ள நெடுங்காலஞ் சென்றது. அதனைக் கண்டவருள் முன்னின்றவர் ஒருவர் பௌதிகவியலாளரே அல்லர். யூலியஸ் றொபேட் மேயர் என்னும் ஜேர்மானிய வைத்தியர். 1840 ஆம் ஆண்டிலே கப்பல் வைத்தியராக யாவாத் தீவை அடைந்த அவர், சுரபாயாத் துறைமுகத்திலே மாலுமிகளின் நாளத்திலிருந்து எடுத்த குருதி வழக்கத்தினும் சிவந்திருத்தலைக் கண்டு வியந்தார். வெப்பநாட்டிலே உடல் தன் சூட்டைக் காத்தற்கு உணவைக் குறைவாகவே எரிக்கின்றது, ஆதலின் குருதியில் ஒட்சிசன் மிஞ்சுகின்றது என்று அவர் கருதினார். அவ்வெண்ணத்தைத் தொடர்ந்து சென்று, வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறுவனவேயன்றி அழிவனவல்ல என்று 1842 இல் வெளியிட்டார். இங்கிலாந்திலே யூல் என்பவர் நீரைத் துடுப்பாற் கலக்கி அதே உண்மையை அளந்து காட்டினார். நம்மைப் போன்ற வெப்பநாட்டின் கரையொன்றிலே இவ்விதியின் வித்து விழுந்தது என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடித்தவன் பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறிவான். அங்கே நெருப்பில்லை. கை செய்த வேலை அடைபட்ட காற்றின் அகச்சக்தியாகியது, வெப்பநிலை உயர்ந்தது. மாறாக, அமுக்கத்திலுள்ள காற்று விரியும்போது சூழலைத் தள்ளி வேலை செய்கின்றது. அவ்வேலைக்குரிய சக்தியை வெளியிலிருந்து எவரும் கொடாவிடின் தன் அகச்சக்தியிலிருந்தே எடுத்தல் வேண்டும், ஆகவே குளிர்கின்றது. வெப்பம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் நிகழும் இத்தகைய மாற்றத்தைச் சேறலில்லா மாற்றம் என்பர். மாணவர் பெரும்பாலும் இடறுமிடம் இதுவே. ‘குளிர்ந்தது’ என்றால் ‘வெப்பம் வெளியேறிற்று’ என்று எண்ணிவிடுகின்றனர். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. ஒரு யூல் வெப்பமும் வெளியேறாமல் வெப்பநிலை இறங்கலாம்.

மலையேறும் காற்றுக்கு நேர்வது இதுதான். உயரச் செல்லச் செல்ல அமுக்கம் குறைகின்றது, காற்று விரிகின்றது, குளிர்கின்றது. எவ்வளவு குளிரும் என்பதை நெடுங்கணக்கின்றியே பெறலாம். ஒரு கிலோகிராம் காற்று 1000 மீற்றர் உயர்ந்தால் அதன் நிலைச்சக்தி ஏறத்தாழ 10,000 யூல் கூடுகின்றது. மாறா அமுக்கத்திலே ஒரு கிலோகிராம் காற்றின் வெப்பநிலையை ஒரு பாகை மாற்ற ஏறத்தாழ 1000 யூல் வேண்டும். முன்னதைப் பின்னதால் வகுக்க, 1000 மீற்றருக்கு 10 பாகை என்று கிடைக்கின்றது. (மாறாக் கனவளவுப் பெறுமானத்தை விட்டு மாறா அமுக்கப் பெறுமானத்தை ஏன் கொண்டோம் என வினவும் மாணவன் கெட்டிக்காரன். விரியுங் காற்றுச் சுற்றுக்காற்றை விலக்கும் வேலையையும் கணக்கிற் சேர்த்தற்காகவே அவ்வாறு கொண்டோம்.) இறங்கும்போது இதே வீதத்திற் சூடேறும். இத்துடன் கதை முடியுமாயின், 28 பாகையிற் புறப்பட்ட காற்று 2000 மீற்றர் ஏறி 8 பாகையாகி, மறுபுறம் இறங்கி மீண்டும் 28 பாகையாகவே நம்மை வந்தடையும். கச்சான் என்று ஒன்று இராது.

கதையை மாற்றுவது நீராவி. மேற்குக் கரைக் காற்றிலே கிலோகிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 19 கிராம் நீராவி இருப்பதாகக் கொள்வோம். அக்காற்று 500 மீற்றர் ஏறி 23 பாகையை அடையும் அளவில் நிரம்பல் நிலையை எய்துகின்றது, முகில் தோன்றுகின்றது. நீர் ஆவியாகும்போது கடலிலிருந்து பெற்றுக்கொண்ட மறைவெப்பம், கிராமுக்கு ஏறத்தாழ 2450 யூல், இப்போது திரும்ப வெளிப்படுகின்றது. எனவே இதற்குமேல் ஏறும் காற்று 1000 மீற்றருக்கு 10 பாகை குளிராமல் ஏறத்தாழ 4 பாகையே குளிர்கின்றது. எஞ்சிய 1500 மீற்றரை ஏறி முடிக்கும்போது 6 பாகை இறங்கி 17 பாகையில் நிற்கும். ஒடுங்கிய நீர் வட்டவளையிலும் ஹற்றனிலும் மழையாகக் கொட்டிவிடுகின்றது. ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெறும் வட்டவளை, இலங்கையின் மிக நனைந்த இடங்களுள் ஒன்றாதல் யாவரும் அறிந்ததே.

இனி இறக்கம். நீரைக் கொட்டிவிட்ட காற்றிலே மீள ஆவியாதற்கு முகில் இல்லை. ஆதலின் 2000 மீற்றரும் முழு வீதத்திலேயே சூடேறுகின்றது. 17 உடன் 20 கூட்ட 37. புறப்பட்டபோது 28, வந்து சேர்ந்தபோது 37. கணக்குச் சரிதானா என்று மற்றொரு வழியாற் சோதிப்போம். 9 பாகை ஏறியதற்கு 9000 யூல் வேண்டும்; அதை 2450 ஆல் வகுக்க 3.7 கிராம் நீர் ஒடுங்கியிருத்தல் வேண்டும். 2000 மீற்றர் உயரத்து அமுக்கத்திலே 17 பாகைக் காற்றுத் தாங்கக்கூடிய நீராவி கிலோகிராமுக்கு 15 கிராமுக்குச் சற்று மேல். 19 இலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். இரு வழியும் ஒத்து வருகின்றன. அந்த 15 கிராமோடு 37 பாகையில் நிற்குங் காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 40 அளவினதே. உதடு வெடிப்பதற்குக் காரணம் அது.

ஆல்ப்ஸ் மலையின் வடபுறத்து வீசும் போன் காற்றும் இவ்வினத்ததே. அதன் சூடு சகாராப் பாலைவனத்திலிருந்து வருவதாகச் சுவிற்சலாந்திலே ஒருகாலத்திற் பலர் நம்பினர். 1866 இல் யூலியஸ் ஹான் என்னும் ஒஸ்திரிய அறிஞர் அந்நம்பிக்கையை மறுத்து, மேலே காட்டிய வெப்பவியக்கவியல் விளக்கத்தை நிறுவினார்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். நாம் செய்தது ஒரு மாதிரிக் கணக்கு. மலைக்கு மேற்கே தாழ்வாக வரும் காற்று முழுவதும் மலையேறுவதில்லை. ஒரு பகுதி தடைப்பட்டு மலையைச் சுற்றிச் செல்லும். அவ்வேளைகளில் மேலுள்ள உலர்ந்த காற்றே மறுபுறம் இறங்கி வருதலும் உண்டு. அப்பொழுது மழையின்றியும் போன் தோன்றும் என இன்றைய ஆய்வாளர் காட்டியுள்ளனர். நிலத்தின் சூடும், கடற்காற்றுத் தடைப்படுதலும் முன்னரே சொல்லப்பட்டன. நாள்தோறும் இவற்றின் பங்கு வேறுபடும். எனினும் இறங்குங் காற்று அமுக்கப்பட்டுச் சூடேறுதல் எல்லாவற்றுக்கும் பொது.

இரண்டாம் விதியையும் இம்மலையிலேயே காணலாம். ஒடுங்கிய நீர் முழுவதும் முகிலாகவே காற்றுடன் மலையைக் கடந்து வருமாயின், இறங்கும்போது அது மீள ஆவியாகி, பெற்ற மறைவெப்பத்தை அவ்வளவும் திருப்பி வாங்கிக்கொள்ளும். காற்றுப் பழைய 28 பாகையையும் பழைய ஈரத்தையும் அடையும். அது மீளத்தக்க மாற்றம். மழை நிலத்தில் விழுந்த கணத்திலேதான் மீளும் வழி அடைபடுகின்றது. கல்முனைக் காற்றை வந்த வழியே மலையேற்றி மேற்கே அனுப்பினாலும் அது பழைய காற்றாகாது. முதலாம் விதி கணக்கை மட்டும் பார்க்கும். திசையைப் பார்ப்பது இரண்டாம் விதி. ‘இவ்வளவு சூட்டைக் கொண்டு ஓர் எஞ்சினை ஓட்டலாகாதா’ என்று கேட்பாருக்கும் அதனிடத்தே விடை உண்டு. 1824 இல் காணோ காட்டியவாறு, 310 கெல்வினிலுள்ள காற்றுக்கும் 301 கெல்வினிலுள்ள கடலுக்குமிடையே இயங்கும் எந்த எஞ்சினும், குறையேயில்லாத ஒன்றாயினும், வாங்கும் வெப்பத்தில் நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் வேலையாக்க இயலாது.

நமது வேளாண்மைக்கு இக்காற்று விளையாட்டன்று. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களிலே சிறுபோக நெல் பூக்கும் காலமும் கச்சான் வீசும் காலமும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. நெற்பூ முற்பகலிலேயே மலர்ந்து சிறிது நேரத்தில் மூடுகின்றது. அவ்வேளையில் 35 பாகைக்கு மேற்பட்ட சூடு தாக்குமாயின் மகரந்தம் பயன்படாது போய்க் கதிர் சப்பியாகின்றது. ஆயினும் பயிர் உணரும் வெப்பநிலை காற்றின் வெப்பநிலையே அன்று. வேரில் நீருள்ள பயிர் இலைவழியாக நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்விக்கின்றது. காற்று எவ்வளவுக்கு உலர்ந்ததோ அவ்வளவுக்கு அக்குளிர்ச்சி மிகும். ஆதலின் பூக்குங் காலத்திலே வயலில் நீர் நிற்றல், மற்றைக் காலத்திலும் பன்மடங்கு பெறுமதியுடையது. வாய்க்கால் நீர் வாரமொன்று பிந்தினால் கமக்காரன் கலங்குவது பௌதிகவியல் நோக்கிலும் நியாயமே. மலையின் மறுசரிவிலுள்ள ஊவாத் தேயிலைத் தோட்டத்தாருக்கோ இக்காற்று ஒரு வரம். ஆடி தொடங்கிப் புரட்டாதி வரை அங்கு வீசும் வரண்ட காற்றே ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்குக் காரணம் என்பர்.

பயிர் செய்வதை மண்பானையுஞ் செய்கின்றது. அதனை அளக்கும் கருவியைப் பாடசாலையிலேயே ஆக்கிக்கொள்ளலாம். ஒத்த இரு வெப்பமானிகளை நிழலிலே தூக்குக. ஒன்றின் குமிழில் மருதமுனைக் கைத்தறிப் பருத்தித் துணித்துண்டொன்றைச் சுற்றி அதன் நுனியை நீரில் இடுக. துணியை முன்னரே அவித்துக் கஞ்சிப்பசை போக்குதல் வேண்டும். அன்றேல் நீர் ஏறாது. இதுவே ஈரக்குமிழ் வெப்பமானி. நமது மாதிரிக் கணக்கின்படி, மேற்குக் கரையிலே 28 பாகைக் காற்றில் ஈரக்குமிழ் ஏறத்தாழ 25 காட்டும். கல்முனையிலே 37 பாகைக் கச்சானில் எவ்வளவு காட்டும்? அதுவும் ஏறத்தாழ 25. இது தற்செயலன்று. ஈரக்குமிழின் அளவீடு, காற்றின் வெளிப்படையான சூட்டையும் அதன் நீராவியில் மறைந்துள்ள சூட்டையும் கூட்டிச் சொல்வது. மலையேறி இறங்கியதில் அக்கூட்டுத்தொகை ஏறக்குறைய மாறவில்லை; மறைந்திருந்ததில் ஒரு பகுதி வெளிப்பட்டது, அவ்வளவே. கச்சான் நாளொன்றிலே பிற்பகலில் காற்றுத் தளர்ந்து கடற்காற்று உட்புகும் கணத்தை மாணவர் காத்திருந்து பார்த்தல் வேண்டும். உலர்குமிழ் சில நிமிடங்களிற் பல பாகை இறங்கும். ஈரக்குமிழ் அதனோடு இறங்காது. சற்று ஏறினும் ஏறும்.