இனிப்பு ஆசைக்கும் ஒரு நேரம் உண்டு

நம் வீடுகளில் யாரும் ‘நீரிழிவு’ என்று சொல்வதில்லை. “அப்பாவுக்கு இனிப்பு நீர்”, “அத்தைக்கு இனிப்பு இருக்கு” என்றுதான் பேச்சு. குழந்தை பிறந்தாலும் இனிப்பு, வேலை கிடைத்தாலும் இனிப்பு, நோய் வந்தாலும் இனிப்பு!

அந்த நோய் நம்மவர்களிடம் எந்த அளவுக்கு இருக்கிறது? 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். அதைவிடக் கவலை தருவது இன்னொன்று: நாடு முழுவதும் நீரிழிவு உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. 2023 ஆய்வில் நாட்டின் சராசரி 15.6 விழுக்காடாக இறங்கியிருக்கிறது. அப்படியும் ஆறு பேரில் ஒருவர்.

சீனி மட்டுமே இந்த நோயைக் கொண்டு வருவதில்லை. பரம்பரை, உடல் எடை, நடக்காத கால்கள், தட்டு நிறைய வெள்ளைச் சோறு என்று காரணங்கள் பல. ஆனால் நாளைக் காலையே நாம் கை வைக்கக்கூடிய காரணம் சீனிதான். “எவ்வளவோ முயன்றுவிட்டேன், நாக்கு கேட்கமாட்டேன் என்கிறது” என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். நாக்கைக் குறை சொல்லும் முன், அது எந்த நேரத்தில், எதனால் கேட்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சாப்பிடாத லட்டின் கணக்கு

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் ஓர் அளவைச் சொன்னது. நாம் சேர்த்துக்கொள்ளும் சீனி, தேன், பாகு, பழச்சாற்றில் உள்ள சர்க்கரை எல்லாம் சேர்ந்து, ஒரு நாளில் உண்ணும் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 2,000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராம், அதாவது 12 தேக்கரண்டி. அதில் பாதியாக, 6 தேக்கரண்டிக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது.

“நான் இனிப்பே சாப்பிடுவதில்லையே” என்பவரின் ஒரு நாளைப் பார்ப்போம். தே தாரிக்கில் சேரும் இனிப்புக் கெட்டிப் பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. ஒரு கிளாசுக்கு 40 கிராம் கெட்டிப் பால் ஊற்றினால் 20 கிராம் சர்க்கரை வந்துவிடுகிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் 40 கிராம். மதியச் சாப்பாட்டுடன் 320 மில்லி டின் பானம் ஒன்று. 100 மில்லிக்கு 10 கிராம் சீனி உள்ள பானமாக இருந்தால், அதில் 32 கிராம். மொத்தம் 72 கிராம், 18 தேக்கரண்டி. இன்னும் ஒரு லட்டைக்கூட அவர் தொடவில்லை.

பலருக்குப் பெரும்பகுதி சீனி இப்படிக் குடித்தே உள்ளே போகிறது. மென்று சாப்பிடும் உணவு தரும் நிறைவைப் பானம் தருவதில்லை. 32 கிராம் சீனியைக் குடித்த பிறகும் வயிறு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் அதே அளவு சோற்றைக் கேட்கும்.

2019 ஜூலை 1 முதல், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு மலேசியா லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2024இல் அது 50 சென்னாக உயர்ந்தது. ஒரு நிறுவனம் சீனியை 4.9 கிராமுக்கு இறக்கிவிட்டால் வரி இல்லை. ஆனால் அந்த 320 மில்லி டின்னில் இன்னும் 4 தேக்கரண்டிக்குப் பக்கமாகச் சீனி இருக்கிறது. ‘சீனி குறைவு’ என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும், பின்பக்கத்து எண்ணைப் பார்த்து டின்னின் அளவோடு பெருக்கிப் பாருங்கள்.

மூன்றரை மணி மர்மம்

அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்த நேரம் தெரியும். மதியம் மூன்றரை மணி. கண் சொக்கும், கை தானாகப் பிஸ்கட் டப்பாவைத் தேடும். இந்த ஆசையின் விதை பெரும்பாலும் காலையிலேயே போடப்படுகிறது.

காலை உணவைத் தவிர்த்தவருக்கு மதியம் பசி அதிகம். அகோரப் பசியில் சோறு ஒரு மலையாக, காய்கறி ஓரமாக இரண்டு கரண்டி என்று தட்டு நிறைகிறது. இரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறி, சில மணி நேரத்தில் இறங்கும்போது உடல் மறுபடி கேட்கிறது. வேகமாகச் சக்தி தருவது எது என்று அதற்குத் தெரியும்: இனிப்பு! காலையில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் சாப்பிட்டவருக்கு இதே கதை பத்தரை மணிக்கே நடக்கலாம். மைதா மாவும் சீனியும் சேர்ந்த உணவில் புரதமும் நாரும் குறைவு.

காலையில் ஒரு முட்டை, அல்லது சாம்பாரில் கொஞ்சம் கூடுதல் பருப்பு, அல்லது தோசைக்குத் துணையாகச் சுண்டல் என்று புரதம் சேரட்டும். மதியத்துக்குச் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சூக்கு சூக்கு செப்பாரோ’ முறை எளிது: தட்டில் கால்வாசி சோறு, கால்வாசி மீன், கோழி அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையிலும் இது முடியும். முதலில் கூட்டும் பொரியலும், பிறகு சோறு. இரண்டாவது முறை கூட்டையே கேட்டு வாங்கலாம்.

அப்படியும் மூன்றரை மணிக்குப் பசித்தால், மேசை இழுப்பறையில் கொஞ்சம் நிலக்கடலை இருக்கட்டும். ஈப்போ புந்தோங் பக்கத்துக் கச்சாங் பூத்தே நம்மவர்களின் கைவண்ணம்தான். எண்ணெயில் பொரித்ததை விட்டுவிட்டு, அவித்த கொண்டைக்கடலையையோ வறுத்த கடலையையோ வாங்குங்கள். கொய்யாவும் நல்ல துணை: இனிப்பும் உண்டு, நாரும் உண்டு, மெல்லவும் நேரமாகும்.

பசியே இல்லாமல் வரும் ஆசைக்கு வேறு மருந்து இருக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 15 நிமிட வேக நடை சாக்லெட் ஆசையைக் குறைப்பதைக் கண்டார்கள். அலுவலகக் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்து, அதன் பிறகும் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தூங்காதவன் இனிப்பைத் தேடுவான்

இரவு ஒரு மணி வரை கைப்பேசியும் தொடர் நாடகமுமாக இருந்துவிட்டு, மறுநாள் “எனக்கு மன உறுதி இல்லை” என்று நொந்துகொள்வதில் பயனில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நிலையில் உள்ள 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடியது. ‘போதும்’ என்று சொல்லும் ஹார்மோன் குறைந்தது. இனிப்பு, உப்புத் தின்பண்டம், மாவு உணவு ஆகியவற்றின் மீது நாட்டம் அதிகரித்தது. இரவு வேலை பார்ப்பவர்களும் கைக்குழந்தை உள்ள தாய்மார்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்த நாள்களில் வரும் இனிப்பு ஆசைக்குப் பின்னால் இருப்பது களைப்பு. முடிந்தால் இருபது நிமிடம் கண்ணயர்ந்தாலும் உதவும்.

நாக்கையும் பழக்கலாம்

“இன்றிலிருந்து சீனியே கிடையாது” என்று திங்கட்கிழமை சபதம் எடுத்து, வியாழக்கிழமை அரை டின் முறுக்கும் அதிரசமும் காலி செய்தவர்கள் நம்மில் ஏராளம். மெதுவாக இறங்குவது நிலைக்கும். மூன்று தேக்கரண்டி போட்டுக் குடிப்பவர், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரைத் தேக்கரண்டி குறைத்தால், எட்டு வாரத்தில் ஒரு தேக்கரண்டிக்கு வந்துவிடலாம்.

இதற்கு நாக்கும் ஒத்துழைக்கும். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சீனியைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்குச் சில மாதங்களில் அதே புட்டிங் முன்பைவிட அதிகமாக இனித்தது. இனிப்பின் மீதிருந்த பிரியம் போய்விடவில்லை. கொஞ்சச் சீனியே அதிக இனிப்பாகத் தெரிந்தது. ஆசையைக் கொல்ல வேண்டியதில்லை, அதன் விலையைக் குறைத்தால் போதும்.

மாமாக் கடையில் ‘கூராங் மானிஸ்’ என்று சொல்லப் பழகுங்கள். ஒரு மாதம் கழித்து, கெட்டிப் பால் இல்லாத தே ஓ, அதிலும் கூராங் மானிஸ். பிறகு மனம் இருந்தால் ‘கொசோங்’. பபுள் டீ கடையில் 25 விழுக்காடு இனிப்பு என்று கேட்கலாம். ஆனால் அந்தக் கறுப்பு முத்துகளே பாகில் ஊறியவை என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டில் ஒரு சின்ன மாற்றம் போதும். பல வீடுகளில் அம்மா ஒரே பாத்திரத்தில் எல்லாருக்கும் சேர்த்துச் சீனி போட்டுத் தேநீர் கலக்குவார். சீனி டப்பாவை மேசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அவரவர் கிளாசில் அவரவர் கரண்டியால் போட்டுக்கொள்ளும்போது, எவ்வளவு போடுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

கருப்பட்டி, தேன், ‘சுகர் ஃப்ரீ’

“நாங்கள் வெள்ளைச் சீனியை நிறுத்திவிட்டோம், கருப்பட்டிதான்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, குலா மெலாக்கா, தேன் ஆகியவற்றின் சுவையும் மணமும் வேறு. ஆனால் எல்லாமே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவைதான். அவற்றில் உள்ள தாதுச்சத்து, ஒரு கரண்டி அளவில் பெரிய பலன் தராது. ருசிக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள், மருந்து என்று நினைத்து இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள்.

செயற்கை இனிப்பூட்டிகளை எடைக் கட்டுப்பாட்டுக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

“ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க”

நமக்கு உண்மையான சோதனை கடையில் இல்லை, உறவினர் வீட்டில் இருக்கிறது. வேண்டாம் என்றால் அத்தையின் முகம் வாடிவிடும். தேநீரில் சீனி குறைந்தால் கஞ்சத்தனம் என்ற பேச்சு வரும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் பலர் இந்நாட்டுக்கு வந்து உழைத்த முதல் இடங்களில், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களும் அடங்கும். பிறகு ரப்பர், செம்பனை. விடியற்காலையிலிருந்து உடலை வருத்தியவர்களுக்கு ஒரு குவளை இனிப்புத் தேநீர் சக்தியாக இருந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குளுகுளு அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். உழைப்பு போய்விட்டது, தேநீரின் இனிப்பு மட்டும் குறையவில்லை.

விருந்தோம்பலை விட வேண்டியதில்லை. விருந்தாளியிடம் “சீனி எவ்வளவு போடட்டும்?” என்று கேட்டுவிட்டுக் கலக்குவதும் மரியாதைதான். பாயாசத்தில் சீனியைக் கால்பங்கு குறைத்து ஏலக்காயைக் கூட்டிப் பாருங்கள். பலருக்கு வித்தியாசம் தெரியாது. தீபாவளிக்குப் பிடித்த ஒரு பலகாரத்தைத் தேர்ந்தெடுத்து, உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுங்கள். டின் பானத்தில் கவனமில்லாமல் குடித்துத் தீர்க்கும் எட்டுத் தேக்கரண்டியை மிச்சம் பிடித்தவருக்குப் பாட்டி செய்த ஒரு நெய்யுருண்டை பெரிய குற்றமாகாது. பிள்ளைகளிடம் “காய்கறி சாப்பிட்டால் சாக்லெட் தருவேன்” என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிடுங்கள். காய்கறி தண்டனை, இனிப்பு பரிசு என்று அவர்கள் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்துக்கு

இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குத் திடீரென நடுக்கம், வியர்வை, படபடப்புடன் இனிப்பு வேண்டும்போல் இருந்தால், அது ஆசையாக இல்லாமல், சர்க்கரை அளவு இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது கட்டுப்பாடு பார்க்கக்கூடாது. மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைச் சோதிக்க வேண்டும். சரியாகாவிட்டால் மறுபடி குடிக்க வேண்டும். மயக்கமாக இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழையுங்கள். மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டு முறையை மாற்றும் முன் மருத்துவரிடம் பேசிவிடுவது அவசியம்.

குடும்பத்தில் யாருக்காவது இனிப்பு நீர் இருந்தால், உங்களுக்கு முப்பது வயதுதான் ஆகிறது என்று காத்திருக்க வேண்டாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். ஒரு தே தாரிக்கின் விலைகூட இல்லை.