ஒரு 'அல்லது'வும் எட்வின் கர்லியும்

ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிப்போம். "காபி அல்லது டீ", "சோடியம் குளோரைடு அல்லது உப்பு". ரெண்டிலும் 'அல்லது' இருக்கு. ஆனா முதலாவது ஆர் கேட். ரெண்டாவது ஒரே மெமரி அட்ரஸுக்கு வச்ச ரெண்டு வேரியபிள் பேர். தமிழ்ல ரெண்டாவதுக்கு 'அதாவது'ன்னு மாத்திக்கலாம். இங்கிலீஷ்ல சாதாரணமா ரெண்டுக்கும் ஒரே 'ஆர்'தான்.

இப்போ ஸ்பினோசாவுக்கு வருவோம். ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, லென்ஸ் தேய்த்துப் பிழைத்தவர். 1677-ல் அவர் இறந்த பிறகு வெளியான 'எதிக்ஸ்' லத்தீன் புத்தகம். டெஃபனிஷன், ஆக்ஸியம், ப்ரொபோசிஷன், ப்ரூஃப் என்று ஜியோமெட்ரி புத்தகம் மாதிரியே எழுதியிருப்பார் (நமக்கு வசதி!). அதோட நான்காம் பாகத்தில் கடவுளையும் இயற்கையையும் ஒரே ஒரு சின்னச் சொல்லால் இணைக்கிறார். அந்த 'அல்லது' எந்த 'அல்லது'? கடவுளோ இயற்கையோ ஏதோ ஒன்றா, இல்லை ரெண்டும் ஒன்றேவா? ஸ்பினோசாவை நாத்திகர்னு சொல்லலாமா கூடாதாங்கிற சண்டையே இதைத் தொட்டுத்தான் போகுது.

லத்தீன்ல இதுக்குத் தனித்தனி சொற்கள் உண்டு. 'வெல்', 'அவுத்' என்றால் பொதுவா மாற்று வழி. 'சிவே', 'செவு' என்றால் பெரும்பாலும் 'வேறு பேர்ல சொன்னா'ன்னு அர்த்தம். ஸ்பினோசா எழுதியது இந்த ரெண்டாவது வகை. 1880-களில் வந்த எல்வெஸ் மொழிபெயர்ப்பில் எல்லாமே வெறும் 'ஆர்'. காப்புரிமை முடிஞ்சதால நெட்ல முதல்ல மாட்டுறதும் அதுதான். நானும் அதைத்தான் படிச்சு, ஸ்பினோசா மழுப்புறார்னு நினைச்சேன்.

மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எட்வின் கர்லி செய்தது ரொம்ப சின்ன வேலை. 'சிவே', 'செவு' வரும் இடத்தில் 'ஆர்' என்பதைச் சாய்வெழுத்தில் போட்டார். அவ்வளவுதான். லத்தீன் தெரியாதவனுக்கும் இங்கே மூலத்தில் என்ன சொல் இருக்குன்னு தெரிஞ்சிடும். முடிவை நமக்காக அவர் எடுக்கல, டேட்டாவை மட்டும் தொலைக்காம கொடுத்தார்.

'அஃபெக்டுஸ்' என்ற சொல்லிலும் இதே கதை. எல்வெஸ் அதை 'எமோஷன்' என்றார். ஆனா ஸ்பினோசாவோட டெஃபனிஷன்படி அது உடலில் நடக்கும் 'அஃபெக்டியோ'க்களும், கூடவே அவற்றின் எண்ணங்களும். உடலோட செயல் சக்தி கூடுறதும் குறையுறதும் அதில் அடக்கம். 'எமோஷன்'னு போட்டா உடல் பின்னால் போயிடுது, ரெண்டு சொல்லுக்கும் உள்ள உறவும் அறுந்துடுது. கர்லி 'அஃபெக்ட்', 'அஃபெக்ஷன்' என்று வைத்தார். காதுக்கு இதமா இல்லை, ஒத்துக்கிறேன். 1982-ல் மொழிபெயர்த்த சாமுவேல் ஷெர்லி 'எமோஷன்' பக்கமே நின்றார், வாசிக்கவும் அவர்தான் சரளம். ஆனா ப்ரூஃபை ஸ்டெப் ஸ்டெப்பா சரிபார்க்கணும்னா எனக்கு கர்லிதான் வேணும். நடுவில் வேரியபிள் பேர் மாறினா ப்ரூஃப் எப்படி ஓடும்?

முதல் தொகுதி 1985-ல் பிரின்ஸ்டன் வெளியீடாக வந்தது, இரண்டாவது 2016-ல். இடைவெளி 31 வருஷம்! ஓரத்தில் கெப்ஹார்ட் பதிப்பின் லத்தீன் பக்க எண்கள், ஒவ்வொரு சொல்லையும் எப்படி மொழிபெயர்த்தார் என்று காட்டும் சொற்பட்டியல், ஸ்பினோசாவின் நண்பர்கள் வெளியிட்ட பழைய டச்சு மொழிபெயர்ப்பு எங்கே வேறுபடுகிறது என்ற குறிப்புகள்னு எல்லாமே இருக்கு. அதாவது, அவர் தப்பையும் நாமே பிடிக்கிற மாதிரி சோர்ஸ் கோடைத் திறந்து வச்சிருக்கார்.

விளைவு, இன்னிக்கு ஆங்கிலத்தில் வரும் ஸ்பினோசா கட்டுரைகள் பலவற்றின் முதல் அடிக்குறிப்பே 'வேறு சொல்லாதவரை மொழிபெயர்ப்பு கர்லியுடையது' என்பதுதான். ஒத்துக்காதவங்களும் அவர் சொல்லை முதல்ல கொடுத்துட்டு, எங்கே ஏன் மாத்துறோம்னு விளக்கிட்டுத்தான் நகர்றாங்க. இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. எல்லாரும் ஒரே லைப்ரரியை இம்போர்ட் பண்ணா, அதுல உள்ள பக் எல்லார்கிட்டயும் இருக்கும். 'சிவே' எல்லா இடத்திலும் சமம்னு அர்த்தம் தராது, சாய்வெழுத்தைப் பார்த்ததும் 'ஈக்வல்ஸ்'னு படிச்சிட்டா அது நம்ம தப்பு.