கருவுறும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்



தமிழகத்தில் ஒரு பெண் கருவுற்றால் 'பிக்மி' இணையதளத்தில் பதிவு செய்து ஆர்.சி.எச். எண் பெற வேண்டும். கைப்பேசியிலேயே பதியலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கரு உண்டான பிறகே தொடங்குகிறது. முக்கியமான சில வாரங்கள் அதற்குள் கடந்துவிடுகின்றன.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிடாய் தள்ளிப்போய், சந்தேகம் வந்து, பரிசோதிப்பதற்குள் அந்தக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்?

பிரிட்டனில் 'டாமீஸ்' என்ற தொண்டு நிறுவனம், கருவுறத் திட்டமிடுவோர் சில நிமிடங்களில் தங்களைச் சோதித்துக்கொள்ளும் இணையக் கேள்வித்தாளை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகம் கறுப்பினப் பெண்களுக்காக 'கேபி' என்ற உரையாடல் கருவியை உருவாக்கியது. அது 100-க்கும் மேற்பட்ட ஆபத்துகளைக் கேட்டறிந்து, அந்தப் பெண் அடுத்துச் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டுத் தருகிறது. வெறும் மதிப்பெண் போட்டு அவரைப் பயமுறுத்துவதில்லை.

திருப்பூருக்கு எப்படி இருக்க வேண்டும்?

அதை அப்படியே மொழிபெயர்த்தால் நமக்கு உதவாது. "சத்தான உணவு உண்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் 'ஆம்' என்றே சொல்வார்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் சகோதரியிடம் இப்படிக் கேட்க வேண்டும்: காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறீர்களா? டீயும் பன்னுமே உணவாகிவிடுகிறதா? சாப்பிட்டவுடன் டீ குடிக்கிறீர்களா? டீ, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

சர்க்கரை, தைராய்டு, வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்ற கேள்வியும் அவசியம். சாப்பிடுபவர் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

கேள்வித்தாளில் பாதி கணவருக்கு உரியது. புகைக்கிறாரா? ஹான்ஸ், பான் மசாலா பழக்கம் உண்டா? சாயப்பட்டறையில் கையுறை, முகக்கவசம் இல்லாமல் ரசாயனங்களைக் கையாள்கிறாரா? குழந்தை தாமதமானால் மருமகளை மட்டும் பார்ப்பது அநீதி. காரணம் ஆணிடமும் இருக்கலாம்.

உறவுத் திருமணமா என்றும் கேட்க வேண்டும். மேற்சொன்ன ஆய்வில் தமிழகத் திருமணங்களில் 28 சதவீதம் உறவுக்குள் நடந்தவை. மாமன் மகளை, அத்தை மகளை மணப்பது மார்க்கத்தில் ஆகுமானது; கட்டாயமானது அல்ல. இருவருமே தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நிக்காஹ்வுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனையில் இதை அறியலாம்.

பதில்கள் அமானிதம்

நம் வீடுகளில் பல பெண்களுக்குத் தனிக் கைப்பேசி கிடையாது. முன்பு நடந்த கருச்சிதைவை ஒரு பெண் அதில் பதிந்து, மாமியாரோ நாத்தனாரோ அதைப் படித்தால் அவள் வாழ்க்கையே ஆட்டம் காணலாம். எனவே இப்படியொரு கருவி பெயரும் எண்ணும் கேட்கக் கூடாது. பதில்களைச் சேமிக்கவும் கூடாது. பிறர் அந்தரங்கத்தைத் துருவி ஆராய்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான்.

கருவி நோயைக் கண்டுபிடித்துவிடாது. எந்தக் கேள்வியோடு மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை மட்டுமே அது காட்டும். ஆகவே ஒவ்வொரு முடிவின் கீழும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரும், கேட்க வேண்டிய பரிசோதனையும் இருக்க வேண்டும்.

நம் ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவின்போது இந்தக் கேள்விகளை ஒரு தாளில் அச்சிட்டு மணமக்கள் இருவருக்கும் கொடுக்கலாம். அதைத் திரும்ப வாங்க வேண்டாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். குழந்தையைத் தருபவன் அல்லாஹ். அதற்கு முன் முயற்சி செய்வது நம் கடமை.

ஸாலிஹான, ஆரோக்கியமான சந்ததிகளை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.