ஒரு வார்த்தைகூட பேசாமல் கைதட்டல் வாங்கிய கணித மேதை!

சதுரங்கக் கட்டத்தில் அரிசி வைத்த கதை நினைவிருக்கிறதா? முதல் கட்டத்தில் 1, அடுத்ததில் 2, பிறகு 4, 8 என இரட்டித்துக்கொண்டே போக, 64 கட்டங்கள் நிரம்புவதற்குள் ராஜாவின் களஞ்சியம் காலியாகிவிடும். அந்தப் பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் கூடுதலாக, 67 கட்டங்கள் இருந்தால்? மொத்த அரிசி 14,75,73,95,25,89,67,64,12,927. இந்த 21 இலக்க எண்தான் கணித உலகை 200 ஆண்டுகளுக்கும் மேலாக ஏமாற்றியது.

'இது ஒரு பகா எண்' என்று 1644-ல் எழுதிவைத்தார் பிரெஞ்சுத் துறவி மெர்சென். அதாவது, 1-ஐயும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதமில்லாமல் வகுபடாது. 1876-ல் எதுவார் லூக்கா என்ற கணித அறிஞர், 'இது பகா எண் அல்ல' என்று நிரூபித்தார். ஆனால், எந்த எண்களால் வகுபடும் என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை. பொட்டலத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. என்ன பொருள் என்பதுதான் தெரியவில்லை!

1903 அக்டோபர். நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். பேச அழைக்கப்பட்ட ஃபிராங்க் நெல்சன் கோல், வாய் திறக்காமல் கரும்பலகைக்குப் போனார். 2-ஐ 67 முறை பெருக்கி, அதிலிருந்து 1-ஐக் கழித்தார். பலகையின் மறுபக்கம் சென்று 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287-ஆல் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றே! சாக்பீஸை வைத்துவிட்டு அமைதியாகப் போய் உட்கார்ந்தார். அரங்கமே கைதட்டியது.

இந்தக் காட்சியைப் பதிவுசெய்த கணித எழுத்தாளர் எரிக் டெம்பிள் பெல், பின்னர் கோலிடம், "இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆனது?" என்று கேட்டாராம். "மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்" என்பது பதில்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த இரண்டு எண்களும் கைக்குக் கிடைத்துவிட்டால், பள்ளி மாணவரே பேப்பரில் பெருக்கிச் சரிபார்த்துவிடலாம். விடையிலிருந்து திரும்பிப்போய் அவற்றைத் தேடுவதற்குத்தான் வருடக்கணக்கில் ஆகும். பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம்.

இந்த ஏற்றத்தாழ்வையே பூட்டாக மாற்றியது, 1977-ல் உருவான ஆர்.எஸ்.ஏ முறை. இணையத்தில் நம் ரகசியங்களைக் காக்கும் முக்கியமான முறைகளில் இதுவும் ஒன்று. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊரறியச் சொல்லலாம். அந்த இரண்டு எண்கள் மட்டும் ரகசியம்.

கோல் உடைத்த 21 இலக்க எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் நொடியில் உடைத்துவிடும். அதனால், பூட்டும் பெரிதாகிவிட்டது. இன்று பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ எண்களுக்கு 617 இலக்கங்கள். 2020-ல் 250 இலக்க எண் ஒன்றை உடைக்கவே ஏராளமான கம்ப்யூட்டர்கள் சேர்ந்து உழைக்கவேண்டியிருந்தது.

அடுத்த முறை உங்கள் போனில் சின்னப் பூட்டுப் படத்தைப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமைகளைத் தியாகம் செய்த அந்த மனிதரை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்!