எது நல்ல பள்ளி?

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில், "எந்தப் பள்ளி முதலாவது?" என்ற கேள்வி ஊரெங்கும் எழும். முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்த எனக்கு இக்கேள்வி நன்கு பழகியது. ஆயினும், பள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் எளிய செயலன்று. அதற்கென ஒரு முறை உண்டு. மாணவர்களாகிய நீங்கள் அதனை அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

அம்முறையை விளக்க அமெரிக்க நாட்டின் மாவட்டம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஒரே நிர்வாகத்தின்கீழ்ப் பல உயர்நிலைப் பள்ளிகள் நடைபெறுகின்றன. ஒவ்வொன்றின் கணக்கும் யாவரும் காண வெளியிடப்படுகிறது. ஆகவே ஒப்பிடுவதற்கு அது ஏற்ற களம். 'பப்ளிக் ஸ்கூல்' என்றதும் மிகுந்த கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அமெரிக்காவிலோ அச்சொல் மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளியையே குறிக்கும்.

வாஷிங்டன் நகரை அடுத்து, மேரிலாந்து மாநிலத்தில், மான்ட்கோமரி கவுன்டி என்ற மாவட்டம் இருக்கிறது. அம்மாவட்டம் முழுவதற்கும் ஒரே கல்விக் குழு. மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாணவர் ஒருவரும் அக்குழுவில் அமர்கிறார். ஆசிரியர் ஊதிய விகிதமும் மாவட்டம் முழுவதும் ஒன்றே. இச்சமநிலை தானாக வந்ததன்று. கறுப்பின ஆசிரியர்கள் வெள்ளை ஆசிரியர்களின் ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியே பெற்ற காலம் ஒன்றிருந்தது. 1936இல் வில்லியம் கிப்ஸ் என்ற ஆசிரியர் வழக்குத் தொடுத்தார். பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல் அவருக்காக வாதாடினார். 1937இல் கல்விக் குழு சம ஊதியத்துக்கு உடன்பட்டது.

நிர்வாகமும் ஊதியமும் ஒன்றாயினும், பள்ளிகளின் தேர்வு முடிவுகள் ஒன்றாக இல்லை. பெதெஸ்டா என்னும் செல்வர் பகுதியிலுள்ள வால்ட் விட்மன் உயர்நிலைப் பள்ளி முன்வரிசையில் நிற்பது வழக்கம். வீட்டன் உயர்நிலைப் பள்ளியில் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் மிகுதி. ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்போர் பலர். அதன் சராசரி பின்தங்கி நிற்கிறது. காரணம் யாது? பொதுவாக, வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய பள்ளியிலேயே பிள்ளை சேர வேண்டும். பெயர்பெற்ற பள்ளியின் எல்லைக்குள் வீட்டுவிலை ஏறும். விலை கொடுக்க இயன்றோரே அங்குக் குடிபுகுவர். இவ்வாறு பள்ளியின் பெயர் செல்வரை ஈர்க்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண் அப்பெயரை மேலும் உயர்த்துகிறது.

1966இல் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலறிஞர், ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். மதிப்பெண் வேறுபாட்டுக்குக் கட்டடத்தையும் கருவிகளையும் விடக் குடும்பச் சூழலே பெரிதும் காரணம் என்று அவர் கண்டார். அவ்வாறாயின் பள்ளியால் பயனில்லையா? அன்று. பள்ளியின் தரம் உயர்ந்தால் மிகுதியாகப் பயனடைவோர் பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளே என்றும் அவ்வறிக்கை கூறிற்று.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று, பாடம் தொடங்குமுன் மாணவனின் முன்னறிவை அறிக என்பது. பள்ளியை அளப்பதற்கும் அதுவே வழி. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். மேற்குப் பள்ளியில் சேரும்போது சராசரி 75 மதிப்பெண், முடிக்கும்போது 80. கிழக்குப் பள்ளியில் சேரும்போது 40, முடிக்கும்போது 60. பட்டியலில் மேற்குப் பள்ளியே மேலே நிற்கும். ஆனால் மாணவரை 20 மதிப்பெண் உயர்த்தியது கிழக்குப் பள்ளி. இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 75இல் தொடங்கியவனுக்கு மேலே ஏற இடம் குறைவு. எனவே, ஒரே நிலையில் தொடங்கிய மாணவர்களை இரு பள்ளிகளிலும் தேடி எடுத்து ஒப்பிடுவதே நேர்மையான முறை.

சராசரி மறைக்கும் செய்திகளும் உண்டு. அதே மாவட்டத்தின் மான்ட்கோமரி பிளேர் உயர்நிலைப் பள்ளியில் சுமார் 3,000 மாணவர்கள் பயின்றனர். 1985இல் அங்கு அறிவியல், கணிதச் சிறப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. எல்லைக்கு வெளியிலிருந்தும் ஆண்டுக்கு 100 பேர் அளவில் தேர்ந்தெடுத்து அதில் சேர்த்தனர். அவர்களுடைய மதிப்பெண்ணும் ஏனையோர் மதிப்பெண்ணும் கலந்து வரும் சராசரி, இரு சாராரில் எவரையும் சரியாகக் காட்டாது.

அளவுகோலையும் ஆராய வேண்டும். 1998இல் நியூஸ்வீக் இதழ் உயர்நிலைப் பள்ளிகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஜே மாத்யூஸ் என்ற பத்திரிகையாளர் வகுத்த கணக்கு அது. கல்லூரித் தரத்துத் தேர்வுகளை எத்தனை முறை எழுதினர் என்ற எண்ணை, அவ்வாண்டு பள்ளியை முடிப்போர் தொகையால் வகுத்தார்கள். தேர்வில் பெற்ற மதிப்பெண் அக்கணக்கில் இல்லை! துணிந்து எழுத வைத்த பள்ளியைப் பாராட்டுவது அதன் நோக்கம். நோக்கம் நல்லதே, ஆனால் மதிப்பெண்ணை அளப்பதாக எண்ணி அப்பட்டியலைப் படித்தவர் ஏமாந்தார். நான்காண்டுகளில் படிப்பை முடித்தோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது மற்றோர் அளவு. பதினேழு வயதில் வேற்றுமொழியோடு நாடு புகுந்த சிறுவன் ஐந்தாண்டுகளில் படிப்பை முடித்தால், அது அவனுக்கும் ஆசிரியருக்கும் வெற்றியே. ஆனால் நான்காண்டுக் கணக்கு அவனைத் தவறியவன் என்றே எழுதும்.

ஆகவே, மாணவர்களே, பள்ளிகளின் பட்டியலைக் கண்டால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். உள்ளே வந்தவர் எந்நிலையில் வந்தனர்? எவரெவரைச் சேர்த்துச் சராசரி கண்டனர்? அளந்தது எதனை? ஒரே நிலையில் தொடங்கியவர் எங்கே மிகுதியாக வளர்ந்தனர்? விடை கிடைக்கும்வரை எந்தப் பள்ளியையும் தாழ்ந்தது என்று சொல்லாதீர்கள். அங்கே படிப்பவரையும் அவ்வாறு எண்ணாதீர்கள். இம்முறை எளிய பள்ளிகளுக்குச் சலுகை காட்டுவதன்று. ஏழ்மையைச் சாக்காகக் கூறிச் சோம்பியிருக்கும் பள்ளியையும், வந்தவரின் திறமையைத் தன் திறமையாகக் காட்டும் பள்ளியையும் இதே முறை வெளிப்படுத்திவிடும்.